வீடு வாங்கிக் குவித்த சின்னப்பா... வாரிக் கொடுத்த கலைவாணர்! - என்.எஸ்.கே-வின் சொத்துக் கணக்கு

யூடியூபைத் திறந்தாலே இப்போ ஒரு வீடியோ கண்டிப்பா வந்து நிற்கும். காமெடி நடிகர் ஒருத்தரோட போட்டோ, பக்கத்துல ஒரு பங்களா, ஒரு கார், கீழே பெரிய எழுத்துல கோடிக்கணக்கில் ஒரு நம்பர். இவருக்கு இவ்ளோ சொத்தா என்று வாயைப் பிளந்துகொண்டே நாமும் கிளிக் பண்ணிவிடுவோம். அதில் சொல்லும் நம்பர் உண்மையா, யார் கணக்குப் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஆனா, இந்தப் பழக்கம் யூடியூப் காலத்தில் ஆரம்பித்தது இல்லை. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் தாண்டி எங்க அன்னவாசல் பக்கம் வந்து, ஏதாவது ஒரு டீக்கடையில் பெருசுங்க பக்கத்தில் உட்கார்ந்து பழைய சினிமாப் பேச்சை எடுத்துப் பாருங்க. பேச்சு எப்படிப் போனாலும் கடைசியில் பி.யு.சின்னப்பாவின் வீடுகளில்தான் வந்து நிற்கும்!

சின்னப்பா, 1940-களின் சூப்பர் ஸ்டார். எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு நேருக்கு நேர் நின்ற நடிகர். பேரில் இருக்கும் 'பி' புதுக்கோட்டைதான். கையில் காசு சேரச் சேர, சொந்த ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டார். ஒரு கட்டத்தில், இனிமேல் சின்னப்பா இங்கே வீடு வாங்கக் கூடாது என்று புதுக்கோட்டை சமஸ்தானத்து மன்னரே தடை போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வீடுகளின் எண்ணிக்கை கதை சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனா, கதை மட்டும் மாறாது.

இந்தச் சின்னப்பாவோடு 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'குபேர குசேலா' (1943), 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்று வரிசையாக நடித்த காமெடியன் ஒருவர் இருந்தார். சின்னப்பா அளவுக்குப் புகழ். பல ஊர்களில் ஹீரோவைவிட அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அவரும் சம்பாதித்தார். ஆனால், அவர் வாங்கிய வீடுகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அவர் கொடுத்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதை.

அவர்தான் 'கலைவாணர்' என்.எஸ்.கிருஷ்ணன். சொத்து மதிப்பு வீடியோ போடவே முடியாத ஒரு நடிகரின் சொத்துக் கணக்கு இது.

முறுக்கு, சோடாவில் தொடங்கிய வாழ்க்கை

1908 நவம்பர் 29. நாகர்கோவில் ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை - இசக்கியம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் கிருஷ்ணன். அப்போது நாகர்கோவில் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 'என்.எஸ்' என்பது ஊர் நாகர்கோவிலும் அப்பா சுடலைமுத்துவும்தான்.

வீட்டில் வறுமை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலைக்குப் போனார். நாடகக் கொட்டகையில் முறுக்கு, சோடா விற்றார். அந்தக் கொட்டகை வேலைதான் வாழ்க்கையைத் திருப்பியது. வெளியே கூடையோடு நிற்கும் பையனுக்கு உள்ளே நடக்கும் நாடகம்தான் கண்ணில் நின்றது. இன்னொரு பக்கம், நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டு. கதை, பாட்டு, நையாண்டி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தக் கலையைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்த காமெடிக்கெல்லாம் அஸ்திவாரம் இதுதான்.

1920-களின் நடுவில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அன்றைய 'பாய்ஸ் கம்பெனி' வாழ்க்கை எப்படி இருக்கும்? ஊர் ஊராகப் போய் முகாம் போடுவார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே பாட்டு, வசனப் பயிற்சி. சின்னப்பா, எம்.ஜி.ஆர் எல்லோருமே அப்படி ஒரு கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். பந்தியில் பத்துப் பேரோடு உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டு வளர்ந்த பையன்களில் ஒருவர் என்.எஸ்.கே. பின்னாளில் அவர் வீட்டில் எந்நேரமும் பந்தி நடந்ததற்கு அந்த வாழ்க்கையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காமெடியை பேக்கேஜாக விற்ற முதல் ஆள்

தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது 1931-ல். நாலே வருடத்தில் என்.எஸ்.கே திரைக்கு வந்துவிட்டார். டி.கே.எஸ். குழுவினர் நடித்த 'மேனகா' 1935-ல் வெளியானது. அடுத்த வருடம் 'சதிலீலாவதி'. எஸ்.எஸ்.வாசனின் கதை, அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். அங்கே தொடங்கிய நட்பு கடைசி வரை வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

1936-ல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனேவுக்குப் போன குழுவில் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டி.ஏ.மதுரமும் இருந்தார். காமெடி ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது. இதில் ஒரு நெருடலும் உண்டு. என்.எஸ்.கே-வுக்கு ஏற்கெனவே நாகம்மையுடன் கல்யாணம் ஆகியிருந்தது. அது மதுரத்துக்குத் தெரியாமல்தான் இந்தக் கல்யாணம் நடந்தது என்று சொல்வார்கள். வள்ளல் என்று கொண்டாடும்போது இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் போக முடியாது.

தொழிலில் அவர் செய்த காரியம், இன்றைக்கு ஸ்டார்ட்-அப் ஆட்கள் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்துப் படங்களில் ராஜா, ராணி கதை ஒரு பக்கம் ஓடும். காமெடி தனியாக இன்னொரு பக்கம் ஓடும். என்.எஸ்.கே என்ன செய்தார் தெரியுமா? காமெடிப் பகுதிக்கான கதை, வசனம், பாட்டு, நடிகர்கள் எல்லாவற்றையும் தன் குழுவையே வைத்துத் தயார் செய்தார். மதுரம், டி.எஸ்.துரைராஜ், 'புளிமூட்டை' ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் என்று ஒரு பட்டாளம். பாட்டெழுத உடுமலை நாராயணகவி. ஒரு முழுக் குட்டிப் படத்தைத் தனியாக எடுத்து, பெரிய படத்துக்குள் கோத்துவிடுவார்கள். படம் எடுத்து முடித்த பிறகு, இதில் என்.எஸ்.கே காமெடி இல்லையே, எப்படி ஓடும் என்று பயந்து சேர்த்தவர்களும் உண்டு. 

அதாவது, அவர் சம்பளத்துக்கு நடித்துவிட்டுப் போகும் நடிகர் இல்லை. ஒரு சின்ன கம்பெனியையே நடத்தினார். அவர் ஜெயித்தால் அந்தப் பட்டாளம் மொத்தமும் சாப்பிடும். அவர் விழுந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் 1944-ல் வந்தது.

முப்பது மாதம்... மொத்தமும் காலி!

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. பாகவதரும் என்.எஸ்.கே-வும் நடித்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம் என்று இன்றைக்கும் ரெக்கார்டு பேசுகிறோமே, அதே படம்தான். அந்தப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் நடித்த இரண்டு பேரும் ஜெயிலுக்குள் இருந்தார்கள்.

காரணம், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தைக் கிசுகிசுவாக எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன். 'சினிமா தூது', 'இந்துநேசன்' எல்லாம் அவர் நடத்தியவை. 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். கொலைக்குச் சதி செய்ததாக பாகவதர், என்.எஸ்.கே, இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை! உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் தோற்றது.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கடைசிப் படி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கே வரை போனார்கள். வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. சென்னையில் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். இன்றைக்கு எத்திராஜ் கல்லூரி என்கிறோமே, அந்த எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலை ஆனார்கள்.

நிரபராதி என்று நிரூபிக்க ஏறத்தாழ 30 மாதங்கள். வக்கீல் ஃபீஸ், லண்டன் வரை அப்பீல். உள்ளே இருப்பவருக்கு வருமானம் கிடையாது. பத்து வருடம் ஓடி ஓடிச் சம்பாதித்தது கேஸில் கரைந்தது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். சினிமா உலகம் விலகிப் போன நேரத்தில், மதுரம் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். என்.எஸ்.கே-வின் பழைய ஆட்கள் பலர் கூட நின்றார்கள். 'பைத்தியக்காரன்' என்று ஒரு படமே எடுத்தார்கள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். மதுரத்துக்கு அதில் இரட்டை வேடம். படம் முடிவதற்குள் என்.எஸ்.கே விடுதலையாகி வந்துவிட, அவர் நடித்த காட்சிகளையும் எடுத்துச் சேர்த்து 1947-ல் வெளியிட்டார்கள். ஜெமினியில் எஸ்.எஸ்.வாசன் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்த 'சந்திரலேகா'விலும் (1948) என்.எஸ்.கே - மதுரம் ஜோடிக்குக் காட்சிகள் சேர்க்கப்பட்டன.

ஒரே வழக்கு, ஒரே ஜெயில், ஒரே தேதியில் விடுதலை. ஆனால், பாகவதரால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. விடுதலைக்குப் பின் வந்த படங்கள் எடுபடவில்லை. 1959-ல் 49 வயதில் இறந்தார். என்.எஸ்.கே மட்டும் எப்படி மீண்டார்? திறமை ஒரு காரணம். ராஜா வேஷமும் நீளமான பாட்டும் பழசாகிப் போன காலத்தில் காமெடிக்கு மவுசு குறையவில்லை என்பது இன்னொரு காரணம். ஆனால், அவர் இல்லாதபோதும் அவர் பெயரில் கம்பெனியை நடத்த ஆள் இருந்தார்கள் பாருங்க... அது எந்த பேங்கிலும் கிடைக்காத டெபாசிட்!

பணத்தைப் பற்றியே படம் எடுத்தவர்

வெளியே வந்த பிறகு அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்செனத் தெரியும். மனுஷனுக்குப் பணம் என்றால் என்ன என்பதில் ஒரு தனிக் கிறுக்கு இருந்திருக்கிறது.

1949-ல் 'நல்லதம்பி'. கதை, வசனம் அறிஞர் அண்ணா. ஹாலிவுட்டில் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தின் பாதிப்பில் உருவானது. திடீரென்று பெரிய சொத்து கையில் வரும் ஒரு கிராமத்து ஆள், அதை ஊருக்காகச் செலவழிக்கிற கதை. யாரை நடிக்க வைத்திருக்கிறார்கள் பாருங்க! மதுவிலக்குப் பிரசாரமும் படத்தில் உண்டு.

இதே படத்தில்தான் புகழ்பெற்ற 'கிந்தனார்' காலட்சேபம். நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் போய்த் தெய்வத்தைப் பார்க்க ஏங்கிய ஒடுக்கப்பட்ட சமூகத்து பக்தர் அவர். என்.எஸ்.கே அதைத் தலைகீழாகத் திருப்பினார். அவருடைய கிந்தன், படிக்க ஏங்குகிற சிறுவன். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடம்! தியேட்டரில் சிரித்துக்கொண்டே இருந்த சனம், வீட்டுக்குப் போகும்போது யோசித்திருக்கும். நாலாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பையன் பெரியவனாகி எழுப்பிய குரல் என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

1951-ல் அவரே இயக்கிய 'மணமகள்' வந்தது. பத்மினிக்குத் தமிழில் பெரிய வாசலைத் திறந்துவிட்ட படம். வசனம் மு.கருணாநிதி. அடுத்த வருடம் 'பணம்'. அதையும் என்.எஸ்.கே-தான் இயக்கினார். 'பராசக்தி'க்கு அடுத்து சிவாஜி நடித்து வெளிவந்த படம். இசையில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஜோடிப் பெயர் இந்தப் படத்தில்தான் தொடங்கியது. வரதட்சணை ஆசை ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் கதை. இந்தப் பணம் எங்கேதான் போய் ஒளிந்துகொண்டது என்று தேடித் தேடி என்.எஸ்.கே பாடுவதாகக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டு, 70 வருடம் தாண்டியும் மாசக் கடைசியில் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது.

நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பினார், சொந்தச் செலவில். கோயில் கொடையோடு நின்றிருந்த வில்லுப்பாட்டை சென்னை மேடைக்குக் கொண்டுவந்து காந்தி கதை பாடினார். அதற்கு எழுத, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். அந்த இளைஞர் அடுத்த 70 வருடம் வில்லுப்பாட்டையே மூச்சாகக் கொண்டு வாழ்ந்து, 2021-ல் பத்மஸ்ரீ பட்டியலில் இடம்பிடித்தார். சின்னப்பா வீடுகளில் பணம் போட்டார். என்.எஸ்.கே ஆட்கள் மேல் போட்டார் என்று சொன்னால் தப்பில்லை.

இன்கம் டாக்ஸ்காரர் வைத்த டெஸ்ட்

கொடுத்த கதைகளுக்கு வருவோம். இவை பெரும்பாலும் வாய்வழியாக வந்தவை. கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்திருக்கும். ஆனா, ஒரு மனுஷனைப் பற்றி எந்த மாதிரிக் கதைகள் உலவுகின்றன என்பதே அவர் யார் என்பதற்குச் சாட்சிதானே.

அதில் ரொம்பப் பிரபலமானது வருமான வரிக் கதை. என்.எஸ்.கே-வின் கணக்கில் ஏகப்பட்ட இடத்தில் தர்மம் என்று எழுதியிருக்கிறது. எதற்கும் ரசீது இல்லை. அதிகாரிக்குச் சந்தேகம். வரியை ஏய்க்கத்தான் இப்படி எழுதுகிறாரோ என்று டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடிவு செய்கிறார். தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் போய், மகள் கல்யாணத்துக்குக் காசில்லை என்று கையைப் பிசைகிறார். என்.எஸ்.கே மறு கேள்வி கேட்காமல் உதவ முன்வருகிறார். அதிகாரி ஆடிப்போய், உண்மையைச் சொல்லி, உங்களுக்குக் கிருஷ்ணன் என்று பேர் வைத்ததே தப்பு, கர்ணன் என்று வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இன்னொரு கதை. ராத்திரி வீட்டுக்குள் திருடன் வந்துவிடுகிறான். மதுரம் பதற, என்.எஸ்.கே-வோ இவன் நம்ம நாடகக் கம்பெனி ஆள்தான், முதலில் சோறு போடு என்று சமாளித்துச் சாப்பிட வைத்து அனுப்பினாராம். சோற்றின் அருமை தெரிந்தவர் பற்றி மட்டும்தான் இப்படி ஒரு கதை கட்ட முடியும்.

வெள்ளிக் கூஜாவும் சில்லறை நோட்டும்

1950-களின் நடுவில் கையிருப்பு வறண்டுபோனது. படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1956-ல் 'மதுரைவீரன்' பெரும் வெற்றி. 1957 தொடக்கத்தில் 'சக்கரவர்த்தித் திருமகள்'. அதில் எம்.ஜி.ஆரும் இவரும் மோதும் போட்டிப் பாட்டு செம ஹிட். ஆனா வந்தது எதுவும் தங்கவில்லை. உடம்பும் கெட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அந்தக் கடைசி நாள்களைப் பற்றியும் இரண்டு கதைகள் உண்டு. பழைய தொழிலாளி ஒருவர் கல்யாணச் செலவுக்கு உதவி கேட்டு வந்து நிற்க, கொடுக்கக் காசில்லாமல் பக்கத்தில் இருந்த வெள்ளிக் கூஜாவைத் தூக்கிக் கொடுத்தாராம். இன்னொன்று, பார்க்க வந்த எம்.ஜி.ஆர் சொல்லாமல் கொள்ளாமல் தலையணைக்கு அடியில் நோட்டுக் கட்டை வைத்துவிட்டுப் போவாராம். அதைப் பார்த்துவிட்ட என்.எஸ்.கே, கொடுப்பதைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால் வருகிறவர்களுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும் என்று சிரித்தாராம்.

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. கொஞ்சம் கோபமும் வருகிறது, உண்மையா சொல்லணும்னா. வீட்டில் மதுரம் இருக்கிறார். நாகம்மை இருக்கிறார். மதுரத்தின் தங்கையையும் அவர் மணந்திருந்தார். குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாளைக்கு என்ன? வள்ளல் என்று ஊர் கைதட்டுகிறது. ஆனா அந்த வள்ளல்தன்மைக்கு மாசாமாசம் தவணை கட்டுவது அந்த வீட்டுப் பெண்கள்தான். ஜெயிலில் இருந்தபோது கம்பெனியைக் காப்பாற்றியது மதுரம். சம்பாதித்ததில் பாதி அவர் நடிப்பில் வந்ததும்கூட. ஜோடியாகச் சம்பாதித்ததை ஒருவர் கொடுத்தார். புகழ் அவருக்குப் போனது. இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

1957 ஆகஸ்ட் 30. என்.எஸ்.கே இறந்தபோது அவருக்கு வயது 48. சிவாஜியுடன் நடித்த 'அம்பிகாபதி' அவர் போன பிறகுதான் வெளிவந்தது. 'தங்கப்பதுமை', 'ராஜா தேசிங்கு' அதற்கும் பின்னால். அவர் இல்லாத தியேட்டர்களில் சனம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் நடந்ததுதான் இந்தக் கணக்கின் கடைசி வரி. கடனில் ஏலத்துக்கு வந்த நாகர்கோவில் வீட்டை எம்.ஜி.ஆர் மீட்டுக் கொடுத்தார் என்றும், பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் துணை நின்றார் என்றும் சினிமா வட்டாரத்தில் நன்றியோடு சொல்வார்கள். 'சதிலீலாவதி'யில் சின்ன வேஷத்தில் அறிமுகமான அந்தப் பழைய நண்பர்தான். 1969 ஜனவரி 14 அன்று, புற்றுநோயால் வாடியிருந்த முதல்வர் அண்ணா சென்னை தியாகராய நகரில் என்.எஸ்.கே சிலையைத் திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரத்தில் அவரும் மறைந்தார். அரசு விழாக்கள் நடக்கும் சேப்பாக்கம் கலைவாணர் அரங்கம் இவர் பெயரில்தான் இருக்கிறது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார். ஊர் அவரையும் கலைவாணரின் மனைவியாக மட்டும்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறது.

சரி, யார் செய்தது சரி?

மறுபடி நம்ம புதுக்கோட்டைக்கு வருவோம். 1951 செப்டம்பர் 23. பி.யு.சின்னப்பா, தான் வீடுகளை வாங்கிப் போட்ட அதே ஊரில் ஒரு படம் பார்க்கப் போனார் என்று சொல்வார்கள். படம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், திடீரென்று உடம்புக்கு முடியாமல்போய் இறந்துவிட்டார். வயது வெறும் 35! அன்றைக்கு அவர் பார்த்த படம் எது தெரியுமா? என்.எஸ்.கே இயக்கிய 'மணமகள்'.

சேர்த்தவர் 35 வயதில் போனார். கொடுத்தவர் 48 வயதில் போனார். சேர்த்து வைத்தவர் முட்டாள், கொடுத்தவர் மகான் என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. சின்னப்பாவும் அஞ்சு வயதில் மேடையேறி, பாய்ஸ் கம்பெனியில் கஷ்டப்பட்டு வந்தவர்தான். சொந்த வீடு இல்லாமல் ஊர் ஊராக அலைந்த பையன், கையில் காசு வந்ததும் வீடு வீடாக வாங்கினான். பசியோடு முறுக்குக் கூடையைத் தூக்கிய பையன், கையில் காசு வந்ததும் வந்தவருக்கெல்லாம் சோறு போட்டான். ரெண்டு பேருமே சின்ன வயதில் எது இல்லையோ, அதற்குத்தான் பெரியவனானதும் செலவு செய்திருக்கிறார்கள்.

நம்ம தலைமுறைக்கு எஸ்.ஐ.பி இருக்கு, டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு. என்.எஸ்.கே-வைப் பார்த்து வெள்ளிக் கூஜாவைத் தூக்கிக் கொடுங்க என்று இந்தக் கட்டுரை சொல்லாது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் கொடுப்பது அவர்கள் பங்கையும் சேர்த்துக் கொடுப்பதுதான். அதில் மதுரத்துக்கு நடந்தது ஒரு பாடம்.

ஆனா, இன்னொரு பாடமும் அங்கேயே இருக்கு. 1944 முதல் 1947 வரை அவரிடம் பணம் இல்லை, வேலை இல்லை, வெளியே வருவோமா என்ற உத்தரவாதமே இல்லை. அப்போது அவரைத் தாங்கியது எந்தச் சொத்துப் பத்திரமும் இல்லை. மனைவி, நாடக ஆட்கள், கூட நடித்தவர்கள், ஒரு காலத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள். அவர் போன பிறகு குடும்பத்துக்குத் துணை நின்றதும் மனிதர்கள்தான்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு நடிகரின் சொத்து மதிப்பு வீடியோ வந்தால், தாராளமாகப் பாருங்க. பார்த்து முடித்ததும் அப்படியே 'நல்லதம்பி' கிந்தனார் காட்சியையும் தேடி ஒரு தடவை பார்த்துவிடுங்க. கறுப்பு வெள்ளைதான், சவுண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இருந்தாலும் சிரிப்பு வரும், பந்தயம்!